‘போதும்’ என்று யார் சொல்வது?

பெரிய லீவுக்கு எங்கே போவதாக உத்தேசம்?

ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்தாகிவிட்டது. 2024 மே மாதம் முதல் அங்கே போக இ-பாஸ் வேறு வந்துவிட்டது. இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக, இமயமலைப் பக்கம் யோசிக்கிறீர்கள். காரில் போய் வ்யூ பாயின்ட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிற சமாசாரம் இல்லை. நடந்து ஏறுவது. பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு நாலு நாள் கால்களை நம்பட்டுமே என்று ஆசை. நல்ல ஆசைதான்.

உதாரணத்துக்கு, உத்தராகண்டில் இருக்கும் ‘பூக்களின் பள்ளத்தாக்கு’ தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 1931-ல் காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் என்கிற பிரிட்டிஷ் மலையேறியும் அவருடைய சகாக்களும் ஒரு கணவாயைத் தாண்டி இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்து சேர்ந்தார்கள். பூக்களைப் பார்த்து மயங்கிப்போன ஸ்மைத், பிற்பாடு மறுபடி வந்து தங்கி, 1938-ல் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். 1982-ல் தேசியப் பூங்கா ஆனது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கயிறு கட்டி ஏறுகிற வேலையெல்லாம் இங்கே கிடையாது. பாதை போட்டிருக்கிறார்கள். குழந்தைகளும் போகிறார்கள், தாத்தா பாட்டிகளும் போகிறார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பட்டியல் போடுவீர்கள். ரயில் டிக்கெட் 60 நாள் முன்னால் திறக்கும், காலை எட்டு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடக்க வேண்டும். ஹரித்வாரிலிருந்து ஜோஷிமட்டுக்கு (சர்க்கார் கணக்கில் இப்போது ஜோதிர்மட்) ஒரு பகல் முழுக்க வண்டி. அங்கிருந்து கோவிந்த்காட், புல்னா. அப்புறம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் ஏறி காங்கரியா என்கிற குட்டி ஊர். ராத்திரி அங்கே படுத்து, காலையில் இன்னும் மூன்று நாலு கிலோமீட்டர் நடந்தால் பள்ளத்தாக்கு. ஷூ, ரெயின்கோட், குளுகோஸ், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி...

தேதி போடும்போதே முதல் முட்டல் வரும். பூங்கா திறப்பது ஜூன் 1. நம் ஊர்ப் பள்ளிக்கூடம் திறப்பதும் ஏறத்தாழ அதே சமயம். ஜூன் ஆரம்பத்தில் பாதையோரம் பனி கிடக்கும், பூ அவ்வளவாக இருக்காது. பூக்கள் கூட்டமாகப் பூப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அது மழைக்காலம், நிலச்சரிவுக் காலமும்கூட. லீவும் பூவும் ஒரே தட்டில் வராது. சரி, பனியைப் பார்த்தால் போதும், ஜூன் முதல் வாரமே போவோம், ஸ்கூலுக்கு நாலு நாள் மட்டம் என்று முடிவு செய்கிறீர்கள். (கிளாஸ் டீச்சருக்கு ‘வைரல் ஃபீவர்’ என்று லெட்டர் எழுதுகிற தர்மசங்கடத்தை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.)

பட்டியலில் முப்பது வரி சேர்ந்துவிடும். ஒரு வரி மட்டும் இருக்காது. பாதி வழியில் திரும்புவதென்றால் எப்போது திரும்புவது, அதை யார் சொல்வது?

இதை அபசகுனம் மாதிரி பார்க்காதீர்கள். தென்னிந்தியாவிலேயே உயரமான இடம் ஆனைமுடி, 2,695 மீட்டர். நீங்கள் ராத்திரி படுக்கப்போகிற காங்கரியா அதைவிட உயரம். சுமார் 3,050 மீட்டர். பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்கு உயர நோய் வரும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல். ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாமல், ஆறேழு மணி நேரம் கழித்து ராத்திரியில் ஆரம்பிக்கும். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது, ஓய்வு எடுத்தும் சரியாகாவிட்டால் கீழே இறங்க வேண்டும். டாக்டர்கள் சொல்வது அவ்வளவுதான். மீறி ஏறினால் மூளை வீங்கலாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

இப்போது காங்கரியாவில் அந்த ராத்திரியைக் கற்பனை செய்யுங்கள். உங்கள் சின்னவன், ஒன்பது வயசு, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைக்கிறான். முகம் சரியில்லை.

“தலை வலிக்குதாடா?”

“இல்லப்பா.”

“நாளைக்கு நடந்துருவல்ல?”

“ம்.”

அந்த ‘இல்லப்பா’வைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இரண்டு மாதமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. எவ்வளவு செலவு என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் ஷூ வாங்கும்போது, ஜெர்கின் வாங்கும்போது, தொட்டதற்கெல்லாம் சொல்லிக்காட்டியிருக்கிறோம். அப்பா லீவுக்கு மேனேஜரிடம் பல்லைக் காட்டியதும் தெரியும். அக்கா ஆசையாக இருப்பதும் தெரியும். இத்தனையும் அவன் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, தலை வலிக்கிறதா என்று கேட்கிறோம். அவன் பொய் சொல்லவில்லை. நமக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதைக் கொடுக்கிறான்.

நாமும் அந்த பதிலை டபக்கென்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோமே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. சம்மதம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ‘மாட்டேன்’ என்று சொல்ல வழியில்லாதவன் கொடுக்கிற சம்மதத்துக்கு என்ன மதிப்பு? ஆபீஸில் எம்.டி. கேட்கும்போது நாம் தலையாட்டுவதன் மதிப்பு நமக்குத் தெரியும். அதையே வீட்டில் பிள்ளை செய்தால் ‘சமத்து’ என்கிறோம்.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் பாதி மறந்துவிட்டது, மறக்காத ஒன்று ‘சங்க் காஸ்ட்’. அதாவது மூழ்கிப்போன செலவு. இனி என்ன செய்தாலும் திரும்பி வராத பணத்தை, அடுத்து என்ன செய்வது என்கிற கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது பாடம். ரயிலுக்கும் வண்டிக்கும் ரூமுக்கும் கொடுத்தது மேலே ஏறினாலும் போச்சு, கீழே இறங்கினாலும் போச்சு. இங்கிருந்து ஏறினால் என்ன கிடைக்கும், என்ன போகலாம் என்பது மட்டும்தான் அன்று காலையில் கேள்வி.

பரீட்சையில் எழுத ஐந்து மார்க். வாழ்க்கையில் எழுத வராது. அதற்காக மனுஷ மனசை முட்டாள் என்றும் சொல்லமாட்டேன். பட்ட பாட்டை மதிப்பது நல்ல குணம்தான். மாசா மாசம் எடுத்து வைத்த காசு, சேர்த்து வைத்த லீவு, மனைவி பத்து நாளாகக் கட்டிய மூட்டை, இதையெல்லாம் ‘மூழ்கிப்போனது’ என்று ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் போகிறவனோடு குடித்தனம் நடத்த முடியுமா? கேள்வி வேறு. அந்த மரியாதையை யார் உடம்பிலிருந்து எடுத்துச் செலுத்துகிறோம்?

எவரெஸ்ட்டில் 1996 மே மாதம் நடந்த இரண்டு சம்பவங்கள். கோரன் குரோப் என்கிற ஸ்வீடன்காரர், தன் ஊரிலிருந்து நேபாளம் வரை சைக்கிளிலேயே வந்து, சாமான்களைத் தானே சுமந்து, மே 3-ந் தேதி உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே வரை போய்விட்டார். நேரமாகிவிட்டது. இதற்குமேல் போனால் இருட்டில் இறங்க வேண்டும். திரும்பிவிட்டார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவர் நூறு மீட்டரை விட்டுக்கொடுத்தார்! மே 23-ல் மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார்.

நடுவில் மே 10. நியூசிலாந்துக்காரரான ராப் ஹால் கெட்டிக்கார வழிகாட்டி. அவர் குழுவில் அமெரிக்கத் தபால் ஊழியர் டக் ஹேன்சன். முந்தின வருஷம் இதே ஹேன்சனை உச்சிக்குக் கிட்டத்தில் வந்து திருப்பி அழைத்துப் போனவர் ஹால்தான். இந்த வருஷம் வா என்று கூப்பிட்டதும் அவரே. மதியம் இரண்டு மணிக்குத் திரும்பியாக வேண்டிய இடத்தில், ஹேன்சன் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணி. ஹால் காத்திருந்தார். புயல் வந்தது. இருவரும் இறங்கவில்லை. அந்தப் புயலில் எட்டுப் பேர் போனார்கள்.

ஹாலுக்கு அனுபவம் குறைவில்லை. அவர் குழுவின் மற்றவர்கள் சிலர் நேரத்தைப் பார்த்து அன்றைக்கு முன்னாடியே திரும்பிப் பிழைத்தார்கள். ஒருவரை ஒரு தடவை திருப்பி அனுப்பியவருக்கு, இரண்டாம் தடவை ‘போதும்’ என்று சொல்வது எத்தனை கஷ்டமாக இருந்திருக்கும்! அன்பும் ஒரு சுமைதான் அங்கே.

நமக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. ‘முன் வைத்த காலைப் பின் வைக்காதே’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஜாதி நாம். மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டுக் கொதித்தெழுந்த கிழவி புறநானூற்றில் இருக்கிறாள். ஆனால் வள்ளுவர் நிதானமான ஆள். வலியறிதல் அதிகாரத்தில், கிளை நுனிவரை ஏறியவன் அதற்கும் மேலே போக நினைத்தால் உயிர் போகும் என்கிறார். அதே அதிகாரத்தில் அளக்கச் சொல்கிற வலிமைகளில் துணைவலியும் ஒன்று. குடும்பத்தோடு மலை ஏறுகிறவனுக்கு அது அப்படியே பொருந்தும். உங்கள் குழுவின் வலிமை உங்கள் வலிமை இல்லை. சின்னவனுடைய வலிமைதான்.

அப்படியானால் ‘போதும்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு? வழக்கமாக டிக்கெட் எடுத்தவருக்கு. அதாவது அப்பாவுக்கு. கொஞ்சம் நாகரிகமான வீடுகளில் ஓட்டெடுப்பு நடக்கும். மூன்று பேர் போகலாம், ஒருத்தன் வேண்டாம். மெஜாரிட்டி! ஆனால் தலைவலிக்கு ஏது மெஜாரிட்டி? எந்த சினிமாவுக்குப் போவது என்பதற்கு ஓட்டுப் போடலாம். மூன்று பேர் உடம்பு நன்றாக இருப்பது நாலாவது உடம்பைப் பற்றி எதையும் முடிவு செய்யாது. என் கட்சி இது: மலையில் அந்த உரிமை பலவீனமானவருக்குத்தான். விளக்கம் கேட்காமல் கொடுக்க வேண்டும். திரும்பி வந்தபிறகு, பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில்கூட, ‘அன்னிக்கு இவனாலதான்...’ என்று ஆரம்பிக்கக்கூடாது. இந்தக் கடைசி ஷரத்து இல்லாவிட்டால் முதலில் கொடுத்த உரிமை செல்லாது.

“நல்லா இருக்கே! ஒன்பது வயசுப் பையனுக்கு வீட்டோ பவர் கொடுத்தா, முதல் கிலோமீட்டரிலேயே ‘போலாம்ப்பா’ன்னு உட்கார்ந்துடுவானே” என்பீர்கள். நியாயம். பிள்ளைகள் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் பழகட்டும் என்றுதானே மலைக்கே கிளம்பினோம். கால் வலி வேறு, தலை வலி வேறு. கால் வலிக்கிறது, போரடிக்கிறது என்றால் கடலை மிட்டாய் கொடுத்து, கதை சொல்லி, கொஞ்சம் அதட்டிக்கூட நடக்க வைக்கலாம். அது வளர்ப்பு. புல்னாவிலிருந்து காங்கரியா வரை குதிரையும் கிடைக்கும். தலைவலி, வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, தள்ளாட்டம் என்றால் பேரம் கிடையாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மலையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. வீட்டிலேயே, அதே சாப்பாட்டு மேஜையில், “இதெல்லாம் வந்தா நீ சொல்லணும், சொன்னா யாரும் திட்டமாட்டோம்” என்று சொல்லி வைக்க வேண்டும். அதைச் சொல்லும்போது நம் குரலைப் பிள்ளை நம்புகிறதா என்பது, போன வருஷம் ரேங்க் கார்டைக் காட்டியபோது நாம் நடந்துகொண்டதைப் பொறுத்தது.

இன்னொரு ஆட்சேபணை, என்னைக் கேட்டால் இதைவிடப் பெரியது. அக்கா என்ன பாவம் செய்தாள்? பதிமூன்று வயசு, ஆறு மாதமாகக் காத்திருக்கிறாள், உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. தம்பிக்குத் தலைவலி என்றால் அவளும் இழக்க வேண்டுமா? பெண் பிள்ளைகளிடம் ‘தம்பிக்காக விட்டுக்கொடு’ என்பது நம் வீடுகளில் ஏற்கெனவே மலிந்து கிடக்கிற வாக்கியம். அதைப் பதினோராயிரம் அடி உயரம் வரை தூக்கிக்கொண்டு போகவேண்டாம். இதற்கு உபதேசத்தால் ஆவது ஒன்றுமில்லை, ஏற்பாட்டால் ஆகும். பட்டியலில் ஒரு நாள் உபரியாக வைத்தால், தம்பி படுத்து ஓய்வெடுக்கட்டும், சரியாகிவிட்டால் மறுநாள் எல்லோரும் போகலாம். சரியாகாவிட்டால் பெரியவர்களில் ஒருவர் அவனோடு இறங்க வேண்டும், இன்னொருவர் அவளோடு ஏற வேண்டும். அதற்குப் பணமும் அடையாள அட்டையும் ரெண்டு பைகளில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லாம் ஒரே பையில், அதுவும் அப்பா தோளில்.

யார் இறங்குவது, யார் ஏறுவது? “நான் பார்த்துக்கறேன், நீங்க அவளைக் கூட்டிட்டுப் போங்க” என்று அம்மா சொல்லிவிடுவாள். கேட்கவே வேண்டாம். அதனாலேயே அதையும் முன்கூட்டியே, சீட்டுக் குலுக்கியாவது, முடிவு செய்துகொள்வது நல்லது.

ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் செய்தாலும் மலை உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. ஜோன் மார்கரெட் லெக் என்கிற பிரிட்டிஷ் தாவரவியலாளர் 1939-ல் இதே பள்ளத்தாக்கில் பூ சேகரிக்கும்போது பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை அங்கேயே இருக்கிறது. 2013 ஜூன் வெள்ளம் கோவிந்த்காட்டையே அடித்துக்கொண்டு போனது. அதற்கெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பதில் இல்லை. பதில் உள்ள விஷயங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பூங்காக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்குக்குள் யாரும் ராத்திரி தங்க முடியாது, மதியத்துக்குமேல் உள்ளே விடுவதும் இல்லை, சாயங்காலத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும். “அவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்கோம், கொஞ்சம் பாத்து விடுங்க சார்” என்று கேட்டில் நின்று நாம் கெஞ்சுவோம். பக்கத்தில் சின்னவன் நிற்பான், கேட்டுக்கொண்டு.