மக்லாள் கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு சர்ச்சுக்குப் போய்ப் பாருங்கள். பத்து வயதுப் பெண் மைக் முன்னால் நின்று, நீளமான சங்கீதம் ஒன்றைத் தடங்காமல் ஒப்பிப்பாள். கைதட்டல் பறக்கும். 'எங்க பொண்ணு ரொம்ப தைரியசாலிங்க!' என்று பெற்றவர்கள் பூரித்துப்போவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதே பெண், 'அண்ணன் மட்டும் ஏன் சாப்பிட்ட தட்டைக் கழுவுறதில்லை?' என்று கேட்கிறாள். உடனே பதில் வரும்... 'எதிர்த்துப் பேசாதே. பெத்தவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு பைபிள்லயே இருக்கு!'

இருக்கிறது, உண்மைதான். ஆனால், அதைச் சொல்லும் அதே எபேசியர் நிருபம், பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று அப்பாக்களுக்கும் சொல்கிறதே! அதை ஏனோ நாம் மனப்பாடம் செய்வதில்லை.

தன்னம்பிக்கை வளர்ந்தால் தாழ்மை போய்விடுமோ என்று பல கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பயம். 'நான் உன்னைவிட உசத்தி' என்று நினைப்பது பெருமை. 'நானும் உன்னைப் போலத்தான்' என்று நினைப்பது தன்னம்பிக்கை. ஆணும் பெண்ணும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதாக ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே சொல்கிறது. அதை நம்புகிறவர்கள், மகளுக்குப் புதிதாக மரியாதை எதையும் தேடித் தர வேண்டாம். இருப்பதைப் பிடுங்காமல் இருந்தால் போதும்!

எண்ணாகமம் 27-ம் அதிகாரத்தில் ஐந்து பெண்கள் வருகிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அப்பா செலொப்பியாத் வனாந்தரத்தில் இறந்துவிட்டார். ஆண் வாரிசு இல்லை. நிலம் பங்கிடும் பேச்சு வந்தபோது, மகள்களுக்கு அதில் இடமில்லை. ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடார வாசலுக்கே போய் நின்றார்கள். எதிரே மோசே, ஆசாரியர், தலைவர்கள், மொத்த சபை! அத்தனை பேர் முன்னால், 'எங்களுக்கும் பங்கு வேண்டும்' என்று கேட்டார்கள்.

மோசே அதட்டவில்லை. கேள்வியை அப்படியே கடவுளிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது நியாயம் என்று பதில் வந்தது. சட்டம் மாறியது. சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் என்று பிற்பாடு ஒரு நிபந்தனை வந்தது, வாஸ்தவம். ஆனால், கொடுத்த பங்கு கொடுத்ததுதான்.

இந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாம் என்ன செய்தோம் தெரியுமா? திருவிதாங்கூரில் 1916-ல் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் அப்பா இறந்தால், மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய்... இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு! காமர்ஸ் படித்த எனக்கு இந்த 'எது குறைவோ அது' நன்றாகவே தெரியும். கடையில் விற்காமல் கிடக்கும் சரக்குக்கு அப்படித்தான் மதிப்புப் போடுவோம்.

கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண் இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1986-ல் தீர்ப்பு வந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சமபங்கு! மக்லாளுக்கு ஒரே அதிகாரத்தில் கிடைத்த பதில், இங்கே வந்துசேர எழுபது வருஷம்.

நிலத்தோடு முடிகிற விஷயமில்லை இது. கேள்வி கேட்டபோதெல்லாம் அடக்கப்பட்ட பெண்ணிடம், நாளை டியூஷனிலோ, சொந்தக்காரர் வீட்டிலோ, ஏன், சர்ச்சிலேயேகூட, மரியாதைக்குரிய ஒரு பெரிய மனிதர் தப்பாக நடந்துகொண்டால்..? பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நாம் சொல்லிக் கொடுத்த பாடம்தான் அப்போது அவள் வாயைப் பொத்தும்.

'நீ தைரியமா இரு' என்று ஆயிரம் முறை சொல்வதால் தைரியம் வராது. தான் பேசியதால் வீட்டில் ஏதோ ஒன்று மாறியது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் வரும்.

அதனால், உங்கள் மகள் கேட்பது சரியென்றால், 'நீ சொல்றது சரிம்மா' என்று சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காமல் அன்றைக்கே மாற்றுங்கள். அவள் கேட்பது சரியில்லை என்றால், உட்கார்ந்து காரணம் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், 'தெரியலையே, யோசிச்சு சொல்றேன்' என்று சொல்வதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. மோசேயே அன்றைக்குக் கேட்டுத்தானே சொன்னார்!