எண்ணுக்கு மருந்தா? பிள்ளைக்கு மருந்தா?

நோயுற்ற குழந்தையின் கையில் கறுப்புக் கயிறு கட்டும் தாயைக் கண்டு நகைப்பது எளிது. நகைத்துவிட்டு நகர்வதோ பகுத்தறிவு? "ஏதாவது செய்தாக வேண்டுமே!" என்னும் அவளது தவிப்பு படித்தவர் நெஞ்சிலும் உண்டு. அவர் கையில் கயிற்றுக்குப் பதிலாக ஆய்வுக்கூடச் சீட்டு, வேறுபாடு அவ்வளவே!

திருவிடைமருதூர்க் கோயிற்கதையை நாடறியும். வரகுண பாண்டியனைத் தொடர்ந்த பிரமகத்தி கிழக்கு வாயிலில் காத்திருந்ததாம். மன்னன் மேற்கு வாயிலால் வெளியேறித் தப்பினானாம். நோய் அப்படி வாயில் பார்த்து நிற்பதில்லை. அவ்வூர்க் குழந்தையொன்றைக் கடுங்காய்ச்சலோடு தஞ்சைக்குக் கொண்டுசென்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்ததாகக் கொள்வோம். சீட்டு வருகிறது: 'தைராய்டு குறைவு.' குறைந்ததை நிரப்பினால் பிள்ளை பிழைக்கும் என்று தோன்றும். தோன்றுவதெல்லாம் உண்மையா?

கொடுநோய் தாக்கிய சில மணி நேரத்திலேயே டி-3 என்னும் ஹார்மோன் இரத்தத்தில் சரியத் தொடங்குகிறது. டி-4ஐ வீரியமுள்ள டி-3 ஆக்குவதைக் குறைத்து, வீரியமற்ற வேறொன்றாக மாற்றுகிறது உடல். நோய் கடுமையானால் சரிவும் ஆழம். நோய் தணிந்தால் அது தானே மீள்கிறது. சுரப்பியோ பழுதற்றது! ஆற்றில் நீர் குறைந்தால் மதகைச் சுருக்கும் காவிரிக்கரை உழவனைப்போல் உடல் சிக்கனம் செய்கிறது என்பர் ஒரு சாரார். சீர்கேடே என்பர் மறுசாரார். வாதம் இன்னும் ஓயவில்லை.

வாதத்தை ஆராய்ச்சியன்றோ தீர்க்கவேண்டும்? ஆம்ஸ்டர்டாமில் குறைமாதக் குழந்தைகள் 200 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குத் தைராக்சினும் மறு கூறுக்கு வெற்று மருந்தும் தந்து பார்த்தனர். 1997இல் முடிவு வெளிவந்தது. சீட்டில் எண் உயர்ந்தது. ஈராண்டு வயதில் அளந்தபோது, மொத்தத்தில் அறிவு வளர்ச்சி உயரவில்லை! 27 வாரத்துக்கு முன் பிறந்தோர் நலம் பெற்றதாகத் தோன்றியது. அதற்குப்பின் பிறந்தோரோ மருந்து பெறாதோரைவிடப் பின்தங்கினர். எண் தேறிற்று, பிள்ளை தேறிற்றா?

அப்படியானால் கைகட்டி நிற்பதா? இல்லை, தோழர்களே! பிறவியிலேயே தைராய்டு குன்றிய குழந்தையும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, ஏறத்தாழ 1130 பிறப்புகளுக்கு ஒன்று எனக் கணக்கிட்டது. குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தம் அதைக் காட்டும். பிறந்த இரு வாரத்துக்குள் தைராக்சின் தொடங்கினால் மூளையைக் காக்கலாம். அங்கே தாமதம் கொடுமை. கொடுநோயில் தற்காலிகமாகச் சரிந்த எண்ணுக்கோ, சான்றின்றி மருந்து புகட்டுவது கொடுமை. இரண்டையும் பிரித்தறிய டி.எஸ்.எச். அளவு துணைசெய்யும், ஐயமிருப்பின் நோய் தணிந்தபின் மீண்டும் சோதிக்கலாம். அதுவரை மூச்சைக் காப்பதும், கிருமியை ஒடுக்குவதும், ஊட்டம் தருவதுமே பிள்ளைக்குச் செய்யும் பணி.

சீட்டைத் தாயத்தாக்கிக்கொள்வோமானால், கயிறு கட்டியவளை நகைக்க நமக்கு உரிமை ஏது? "இம்மருந்தால் பிள்ளை தேறியதற்குச் சான்று என்ன?" — பூசாரியிடம் கேட்கத் துணிந்த இளைஞர்களே, இதை மருத்துவரிடமும் பணிவோடு கேளுங்கள்!