புலிக்கால் முனிவர் என்னும் திருப்பெயர்

தில்லை பெரும்பற்றப்புலியூர் எனவும், கடலூரில் உள்ள திருத்தலம் திருப்பாதிரிப்புலியூர் எனவும் வழங்குதல் சைவ நன்மக்கள் அறிந்ததே. இவ்விரு பெயரினும் நின்ற 'புலி' வியாக்கிரபாத முனிவரைக் குறிக்கும் என்பது புராண வழக்கு. வியாக்கிரம் புலி, பாதம் கால். இப்பெயர் பெற்றோர் இட்டதன்று. மத்தியந்தின முனிவர்க்கு மைந்தராய்த் தோன்றிய இவர், தில்லைவனத்தே திருமூலநாதரை வழிபட்டு வருங்கால், பொழுது புலர்ந்தபின் கொய்யும் மலர் வண்டு மோந்ததாதலும், இருளிற் கொய்யும் மலரிற் பழுது விரவுதலும் கண்டு வருந்தினார். பனியால் வழுக்கும் மரங்களில் ஏறப் புலியின் கைகால்களையும், இருளில் நோக்கவல்ல கண்ணையும் இறைவன்பால் வேண்டிப் பெற்றார். அதன்பின்னரே இப்பெயர் எய்தினார். உமாபதி சிவாசாரியர் கோயிற்புராணத்தில் இவ்வரலாற்றை விரித்தோதினார்.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். மானிடப் பிறவி அரிதென நூல்கள் கூறாநிற்ப, அதனைப் பெற்றவர் விலங்கின் உறுப்பை விரும்புதல் இழிவன்றோ? மலரே வேண்டுமெனின், பழுதிலா மலரை நாளும் தருகவென இரந்திருக்கலாகாதோ எனின், ஆகாது. மலரை இரந்திருப்பின் பூசை நிகழும், பணி நிகழாது. அவர் வேண்டியது பயனை அன்று, உழைத்தற்குரிய கருவியை. தனுவும் கரணமும் இறைவன் உயிர்க்குக் கூட்டியவை. அவற்றின் உயர்வும் இழிவும் அவை செலுத்தப்படும் நெறியால் அமைவன. இரைமேற் பாய்தற்குரிய நகமே மலர் கொய்யும் நகமாயிற்று. மாறியது நகமன்று, அதனைச் செலுத்தும் உயிரின் சார்பு. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது சித்தாந்தம். உடம்பு புலியின் உறுப்பைத் தாங்கியும், உயிர் சிவத்தைச் சார்ந்தமையின், புலியின் கொடுமை அவரைப் பற்றவில்லை என்க.

இவருடன் தில்லைக் கூத்தினைக் காணும் பதஞ்சலியார், தாயின் கூப்பிய கையில் வீழ்ந்தமையால் அப்பெயர் பெற்றார் என்பர். அது தோற்றம் பற்றிய பெயர். இது தொண்டு பற்றிய பெயர். இன்னும், வியாக்கிரம் என்னும் சொல் மோத்தற் பொருளடியாகப் பிறந்ததென்பர் வடநூலார். வண்டும் மோவாத மலரைத் தேடியவர்க்கு, மோந்தறியும் விலங்கின் பெயரே அமைந்தமை அறிந்து இன்புறற்பாலது.

பெயரிடுதல் பெற்றோர் செயல். அதனைப் பொருளுடையதாக்குதல் பெயர் பூண்டார் செயல். முனிவரோ தம் செயலாலேயே பெயரையும் ஈட்டிக்கொண்டார். அழகிய உடம்பினைத் தொண்டின்பொருட்டு வேறுபடுத்திக்கொள்ள அவர் நாணவில்லை. அங்ஙனமாக, நந்தவனப் பணியிற் காய்ப்பேறிய கையையும், உழவாரத் தொண்டில் வளைந்த முதுகையும் இழிவென எண்ணுவார், புலிக்கால் முனிவர் பெயரை நாவால் ஓதுதற்குத் தாம் உரியரோ எனத் தம் நெஞ்சையே வினவிக்கொள்க.