அறியப்படாத தேவனும் வெள்ளித்திரையும்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 17:16-34



பிள்ளைகள் சினிமா பார்க்கலாமா? நவி மும்பையின் கோபர்கைரனேயில் வாழும் தமிழ் விசுவாசக் குடும்பங்களானாலும், தேசத்தின் வேறெந்தப் பட்டணத்தில் வாழ்வோரானாலும், இக்கேள்விக்குத் தப்புவதில்லை. பெற்றோர் கூடாது என்கிறார்கள். பிள்ளைகள் ஒளித்துப் பார்க்கிறார்கள். கைப்பேசி படுக்கையறைவரை வந்துவிட்ட காலத்தில் தடை மட்டும் வீட்டைக் காப்பதில்லை. சிலவேளை அது ஒரே கூரையின்கீழ் இரண்டு வாழ்க்கைகளை உண்டாக்கிவிடுகிறது.

அத்தேனே பட்டணத்தில் பவுல் செய்ததைக் கவனியுங்கள். விக்கிரகங்களைக் கண்டு அவருடைய ஆவி முதலாவது வைராக்கியமடைந்தது. ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊரைக் கடந்துபோகவில்லை. சுற்றி நடந்தார், உற்றுப் பார்த்தார், அறியப்படாத தேவனுக்கென்று எழுதியிருந்த பலிபீடத்தைக் கண்டார். மார்ஸ் மேடையில் அதிலிருந்தே பேசத் தொடங்கி, கிரேக்கப் புலவர்களின் சொல்லையும் எடுத்தாண்டு, உயிர்த்தெழுந்தவரிடம் கேட்போரைக் கொண்டுசென்றார்.

மும்பையில் நடந்தது

1911ஆம் ஆண்டில் மும்பையில் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஊமைப் படம் ஒன்று திரையிடப்பட்டது. பார்த்தவர்களுள் ஒருவர் தாதாசாகேப் பால்கே. மனைவி சரஸ்வதிபாயையும் அழைத்துச் சென்று அவர் அதை மறுபடியும் பார்த்தார். 1912இல் லண்டன் சென்று கேமரா வாங்கி வந்தார். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. 1913ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், கிர்காவிலிருந்த காரனேஷன் அரங்கில் 'ராஜா ஹரிச்சந்திரா' பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. இந்தியக் கதைப்பட வரலாற்றின் தொடக்கத்தில் கிறிஸ்துவின் சரித்திரம் இவ்விதமாய் நிற்கிறது.

ஆனால் அத்திரையில் கிறிஸ்துவைக் கண்ட பால்கேயின் மனக்கண்முன் ராமரும் கிருஷ்ணருமே எழுந்தார்கள். அவரே பிற்காலத்தில் இதை எழுதினார். ஆகவே படம் தானாகவே விசுவாசத்தைப் பிறப்பிக்கும் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். படம் உள்ளத்தை அசைக்கும். அசைந்த உள்ளத்தோடு பேச ஒரு மனிதன் தேவை.

உடன் ஏறி உட்காருதல்

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவின் ஆகமத்தை வாசித்தும் பொருள் அறியாதிருந்தான். பிலிப்பு ரதத்தோடு ஓடி, அதில் ஏறி அவனருகே உட்கார்ந்து, அவன் வாசித்த இடத்திலிருந்தே தொடங்கி இயேசுவைப் பிரசங்கித்தார். பெற்றோருக்கும் போதகருக்கும் இதுவே மாதிரி.

ஹரிச்சந்திரன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவனாயிருந்தபோது அதை நாடகமாகக் கண்ட காந்தியடிகள், எல்லாரும் ஏன் அவனைப்போல் உண்மையாயிருக்கக் கூடாது என்று தமக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டதைத் தம் சுயசரிதையில் பதிவு செய்தார். நஷ்டம் வந்தாலும் ஆணையை மாற்றாதவனை 15ஆம் சங்கீதமும் புகழுகிறது. வாக்கைக் காக்க நாட்டையும் குடும்பத்தையும் இழந்து, மயானத்தில் மகனின் சடலத்துக்கு முன் நிற்கிறான் அந்த அரசன். அது சுவிசேஷம் அன்று. ஆனாலும், சொன்ன வாக்கை நிறைவேற்ற ஒரு தகப்பன் எவ்வளவு இழப்பார் என்ற கேள்வியை அது எழுப்புகிறது. அதற்கு நிறைவான விடை கல்வாரியில் இருக்கிறது என்பதைச் சொல்ல, பார்க்கிறவனின் அருகில் ஒருவர் இருக்கவேண்டும்.

எல்லாப் படமும் பார்க்கத்தக்கது என்பது இதன் பொருளல்ல. இச்சையைத் தூண்டுவதையும் கொடுமையை ருசிக்கப் பழக்குவதையும் விட்டு விலகுங்கள். எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்குப் புத்தி சொன்னாரே! சோதிக்கத் தெரிந்த பிள்ளை தனிமையிலும் காக்கப்படுவான். தடுக்கப்பட்டதை மட்டுமே அறிந்தவன் தடை நீங்கும் நாளில் தடுமாறுவான்.

ஆகையால் இந்த வாரம் உங்கள் பிள்ளையின் அருகே அமருங்கள். அவன் பார்ப்பது என்னவென்று கோபமில்லாமல் கேளுங்கள். அவன் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். அத்தேனேயில் சிலர் பரியாசம்பண்ணினார்கள். தியொனீசியுவும் தாமரியும் விசுவாசித்தார்கள். விதைப்பது உங்கள் பங்கு; விளையச்செய்கிறவர் தேவன். ஆமென்.