நல்ல துரை

இலங்கையைச் சிங்கப்பூராக்குவோம் எனும் வாக்குறுதி 1977க்குப் பின்னர் நமது அரசியல் மேடைகளில் பலமுறை ஒலித்துவிட்டது. அதற்கு முந்திய கதையொன்றும் உண்டு. 1956இல் முதன்முறையாக இலங்கை வந்த லீ குவான் யூ, பிரித்தானியர் முன்மாதிரியாகக் கருதிய இந்நாடு பின்னர் வீணாய்ப் போனதைத் தமது நினைவுநூலில் எழுதியிருக்கிறார். இத்தலைகீழ் மாற்றத்துக்கான பொருளாதாரக் காரணங்களைப் பலரும் கூறியுள்ளனர். அவற்றுக்கு அப்பால் அறம் சார்ந்த வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. மக்களுக்கு நன்மை செய்யும் ஆட்சி, அந்த மக்கள் தன்னைத் தட்டிக் கேட்பதை விரும்பாவிட்டால், அதை நீதியான ஆட்சி எனலாமா?

இவ்வினாவைச் சப்ரகமுவத் தோட்டங்களில் வைத்துக் கேட்பது பொருத்தம். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதியின் இறப்பர் மலைகளிலும் இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலும் 'நல்ல துரை' என்றொரு பேச்சு உண்டு. நல்ல துரை லயத்துக் கூரையைத் திருத்துவார். பிள்ளைக் காம்பரா கட்டுவார். பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கொடுப்பார். ஆனால் பெரட்டுக் களத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவர் மாற்றலாகிப் போகும்போது, அடுத்து வருபவர் எப்படியோ என்ற அச்சத்தோடுதான் சனம் வழியனுப்பும். நன்மை கிடைத்தது உண்மை. அது அவர்களுடைய உடைமையாக ஒருபோதும் இருந்ததில்லை.

சிங்கப்பூரின் வரலாற்றில் 1964 மறக்க முடியாத ஆண்டு. அவ்வாண்டு யூலை 21இல் மீலாத் ஊர்வலத்தின்போது மூண்ட மலாய் - சீனக் கலவரத்தில் 23 பேர் மாண்டனர். செப்டெம்பரில் மீண்டும் 13 பேர். மறு ஆண்டு ஓகஸ்ட் 9இல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடான அத்தீவில் சீனரே மிகப் பெரும்பான்மையினர். அவர்கள் நினைத்திருந்தால் தம் மொழியை மட்டும் அரியணையேற்றியிருக்கலாம். அங்கே மலாய் தேசிய மொழியாயிற்று. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு சிறுதொகையினரின் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. 1966இல் முஸ்லிம் சட்ட நிர்வாகத்துக்கெனத் தனிச்சட்டம் வந்தது. அதே ஆண்டு, இன, மொழி, மத பேதமின்றி ஒரே மக்களாவோம் எனும் தேசிய உறுதிமொழியை வரைந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். இராஜரத்தினம்.

அவர் பிறந்த நாட்டிலோ, அதே 1964இன் ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மனிதர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கொழுந்து நிறுப்பதுபோல் மனிதரை நிறுத்த இக்கணக்கு, கொடுங்கோலன் எவனும் போட்டதல்ல. 1947இல் வாக்களித்து ஏழு பிரதிநிதிகளை இலங்கை இந்தியக் காங்கிரஸ் மூலம் அனுப்பிய மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது, 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம். அதை நிறைவேற்றியது தேர்தலில் தெரிவான பாராளுமன்றம். ருவான்வெல்லைத் தொகுதியின் உறுப்பினர் என். எம். பெரேரா போன்றோர் எதிர்த்தும் கை உயர்த்தியோரின் எண்ணிக்கையே வென்றது. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்த சப்ரகமுவத் தோட்டத்து மக்கள் 1977இலும் 1981 ஓகஸ்டிலும் அடித்து விரட்டப்பட்டதும் தெரிவான அரசாங்கத்தின் காலத்தில்தான். வாக்குச்சீட்டு இருந்தால் நீதி தானாக வந்துவிடும் என்று நாம் சொல்ல முடியாது.

அப்படியானால் சிங்கப்பூரின் வழிதான் சரியா? அங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சியா தை போ என்ற எதிர்க்கட்சிக்காரர் 1966இலிருந்து 1989வரை, 23 ஆண்டுகள், விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தார். 1981இல் அன்சன் இடைத்தேர்தலில் வென்று, தனியொருவராகப் பாராளுமன்றத்தில் எதிர்க்குரல் எழுப்பிய ஜே. பி. ஜெயரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரே. அவதூறு வழக்குகளின் இழப்பீட்டைச் செலுத்த முடியாமல் 2001இல் வங்குரோத்தாகித் தம் ஆசனத்தை இழந்தார். ஒரே மண்ணிற் பிறந்த இருவரில் ஆட்சியோடு நின்றவருக்குப் புகழும் அதைக் கேள்வி கேட்டவருக்குக் கடனும் கிடைத்தன. 2002இல் தலையை மறைத்து அரச பாடசாலைக்குச் சென்ற முஸ்லிம் சிறுமியர் இடைநிறுத்தப்பட்டனர். முஸ்லிம் தாதியர் தலைமறைப்பு அணியும் அனுமதியோ 2021இல் வந்தது. கேட்டவர்கள் கேட்ட காலத்தில் அல்ல, தருபவர் தகுந்தது எனக் கண்ட காலத்தில் அது வந்தது. நல்ல துரையின் இலட்சணமே இதுதான்.

2020இல் கொரோனா பரவியபோது அந்நாட்டின் தொற்றில் மிகப்பெரும் பங்கு வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளிலேயே கண்டறியப்பட்டது. பங்களாதேஷ் முஸ்லிம்களும் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் ஒரே அறையில் நெருக்கியடித்துக் கிடந்தனர். மினுங்கும் கோபுரங்களைக் கட்டியவர்களின் இருப்பிடம் நமது லயக் காம்பராவுக்கு உறவுமுறையாக இருந்தது. அவர்கள் பிரஜைகள் அல்லர். அவர்களிடம் எந்த ஆட்சியாளரும் வாக்குக் கேட்டு வரப்போவதில்லை.

இஸ்லாமிய மரபில் ஆட்சி என்பது அமானிதம். அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்பவன் தர்மம் செய்தவனாகமாட்டான். கடமையை நிறைவேற்றியவன் மட்டுமே. கலீபா அபூபக்கர் (ரழி) பதவியேற்றதும், தாம் கோணினால் தம்மை நேராக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டதன் உட்பொருளும் அதுவே: உடைமைக்காரர்கள் நீங்கள், கணக்குக் கேளுங்கள். அநீதி நாகரிகத்தையே அழிக்கும் என்ற இப்னு கல்தூன், மனிதரைக் கட்டாய வேலை வாங்குவதை அநீதிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக வைத்தார். ஆட்சியின் தராதரத்தை அவர் நகரத்தின் மாடங்களை வைத்து அளக்கவில்லை. உழைப்பவன் முதுகை வைத்தே அளந்தார்.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். 2001 மேயில் மாவனல்லையில் கடைகள் எரிந்த பின்பும், சமூகத்துக்கு வேண்டியதை அமைச்சர் ஒருவரின் தயவிற் பெற்றுக்கொள்ளும் பழக்கத்தை நாம் கைவிடவில்லை. 2020இல் ஜனாஸாக்களை எரிக்க ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதுமாயிற்று. 2021 பெப்ரவரியில் அடக்கும் உரிமை மீண்டபோது, நம்முடையதைத் திருப்பித் தந்ததற்கு நாமே நன்றி சொல்லவும் நேர்ந்தது. தோட்டத்து மக்களும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரஜைகள். ஆயினும் பல குடும்பங்கள் இன்றும் தமக்குச் சொந்தமில்லாத லயத்திலேயே வாழ்கின்றன.

சிங்கப்பூரிடம் கற்க வேண்டியது உண்டு: சிறுபான்மையின் மொழியும் மார்க்கமும் நாட்டின் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். அங்கே கற்கக் கூடாததும் உண்டு: வயிறு நிறைந்தவன் வாய் திறக்க வேண்டியதில்லை எனும் எண்ணம். மேடையேறி நம்மைச் சிங்கப்பூராக்குவதாக இனி ஒருவர் சொன்னால், அங்கே எமக்குக் கிடைக்கப்போவது குடிமகனின் வீடா, விடுதித் தொழிலாளியின் கட்டிலா என்று முதலில் கேட்போம். அப்படிக் கேட்பவரை அவர் என்ன செய்கிறார் என்பதிலேயே பாதி விடை இருக்கும்.