மதிப்பெண்ணும் பிழைப்பும்

பள்ளியிற் பெறும் தேர்ச்சி பிற்காலத்தில் உத்தியோகம் பெறுதற்குத் துணையாகுமா என்னும் வினா, தேவிகுளம், பீருமேடு மலைத்தோட்டங்களிலும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் வாழும் தமிழ்ப் பெற்றோரிடையே அடிக்கடி எழுகின்றது. தோட்டத்து லய வீடு, பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர் அங்கு வேலை செய்யும் வரையிலேயே நிலைப்பது. ஆகவே, "நீ படித்து முடிப்பதற்குள் குடியிருக்க இடம் இராதே, மகனே" என்று ஒரு தந்தை கவலுறுவாராயின், அஃது அறியாமையன்று. அக்கவலையைப் பொருட்படுத்தாது கல்வியின் பெருமையை மட்டும் நாம் பேசுவது அறமும் அன்று.

உள்ளதை உள்ளவாறு நோக்குவோம். கிராமப்புற அஞ்சல் ஊழியர்களைத் தனித் தேர்வு ஏதுமின்றிப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே தெரிந்தெடுக்கின்றனர். அங்கே ஒவ்வொரு மதிப்பெண்ணும் கணக்கிற்கு வரும்; ஆயினும் வட்டார மொழியாகிய மலையாளத்தைப் பள்ளியிற் கற்றிருத்தல் வேண்டும். அரசு எழுத்தர் பதவிக்கோ, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வாயிலை மட்டுமே திறக்கும். யார் முந்தியவர் என்பதைத் தேர்வாணையம் நடத்தும் தேர்வே முடிவு செய்யும். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழும் மலையாளமும் அறிந்தோர்க்கெனத் தனியே எழுத்தர் பதவிகள் அறிவிக்கப்படுவதும் உண்டு. 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தின் பகுதியாகிவிட்ட இவ்வூர்களின் பிள்ளைகளுக்கு இருமொழிப் பயிற்சி சுமையன்று, கைப்பொருளேயாகும்.

எனினும், தகுதி இருந்தும் கதவு அடைபடுவதுண்டு. உழவூரில் ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த கே. ஆர். நாராயணன், 1943-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார். அவர் வேண்டிய விரிவுரையாளர் பதவி கிட்டவில்லை. எழுத்தர் வேலையே தர முன்வந்தனர். அதனை மறுத்து அவர் தில்லி சென்றார். டாட்டா உதவித்தொகை அவரை லண்டனுக்கு அனுப்பியது. 1949-ல் வெளியுறவுப் பணியிற் சேர்ந்தவர், 1997-ல் குடியரசுத் தலைவரானார்.

இதனைக் கேட்டு, மதிப்பெண் வீண் என்பார் ஒருவர். மதிப்பெண்ணே வென்றது என்பார் மற்றொருவர். இருவர் கண்டதும் பாதியே. அவருடைய முதலிடம் அன்று சாதியை வெல்லவில்லை. ஆனால் அக்கல்வி இல்லையேல், பின்னர் நீண்ட உதவிக்கரத்தைப் பற்றிக்கொள்ளவும் இயன்றிராது. எக்காரியமும் ஒரே காரணத்தால் விளைவதன்று என்று நாம் கற்றிருக்கிறோம் அன்றோ? பிள்ளையின் உழைப்பு ஒரு காரணம். சமுதாயத்தின் நேர்மையும் துணையும் பிற காரணங்கள்.

ஆதலின், முதல் மாணவனுக்கு மாலையிடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. விண்ணப்ப நாளை அறிவித்தல், சான்றிதழ் பெற உடன் செல்லுதல், மாலையில் மலையாளமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தல் ஆகியன நம்மாற் கூடும் பணிகளே. தேறாத பிள்ளையை மீண்டும் எழுதச் செய்வோம், இகழ்ந்து ஒதுக்கோம். வீட்டைக் காக்கப் பள்ளியை விட்டுக் கொழுந்து பறிக்கச் செல்லும் பிள்ளையிடம், "நீ ஏன் படிக்கவில்லை?" என்று கேட்குமுன், அப்பிள்ளை படிப்பதற்கு நாம் யாது செய்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.