ஒரு சிப்பாய் அதிகம்

செஸ்ஸில் ஒரு பழைய ஜோக் உண்டு. 'யானைகள் மட்டும் மிஞ்சுகிற ஆட்டங்கள் எல்லாமே டிரா!' டார்ட்டகோவர் சொன்னது என்பார்கள். இல்லை, டாரஷ் என்றும் சொல்வார்கள். (நாம் யானை என்கிற காயை வெள்ளைக்காரர்கள் கோட்டை என்கிறார்கள். நமக்கு யானைதான் சௌகரியம்.)

பாதி நிஜம். ராணி, மந்திரி, குதிரை எல்லாம் வெட்டுப்பட்டு, ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும் நிற்கும்போது, ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருப்பவர்கூட சுலபத்தில் ஜெயிக்க முடியாது. எதிராளியின் யானை எட்ட நின்று செக் மேல் செக் கொடுத்து ராஜாவை ஓட ஓட விரட்டும். போர்டில் மொத்தம் 7 காய்கள் வரை எல்லா நிலைகளையும் கம்ப்யூட்டர்கள் கணக்குப் போட்டு முடித்துவிட்டன. அதில் பலவற்றுக்கு விடை ஒரே வார்த்தைதான்: டிரா.

அப்புறம் ஏன் ஸார் பெரிய பெரிய ஆட்களே தோற்கிறார்கள்?

2013 நவம்பர், சென்னை. உலக சாம்பியன் ஆனந்துக்கு 43 வயது. எதிரே 22 வயது கார்ல்சன். முதல் 4 ஆட்டங்கள் டிரா. 5-வதில் கடைசியாக நின்றவை யானைகள்; கார்ல்சன் ஜெயித்தார். அடுத்த நாளே 6-வது. மறுபடியும் யானைகள். கார்ல்சனின் கை லேசாக ஓங்கியிருந்தது. லேசாகத்தான். ஆனந்த் அறுபதாவது நகர்த்தலில் 'பி' வரிசைச் சிப்பாயை முன்னே தள்ளியிருந்தால் டிரா என்று பிற்பாடு அலசியவர்கள் சொன்னார்கள். அவர் யானையை நகர்த்தினார். 67-வதில் எல்லாம் முடிந்தது.

'டிரா ஆகவேண்டிய ஆட்டத்தைக் கோட்டை விட்டுட்டாரே!' என்று அன்று புலம்பாத ரசிகர் குறைவு. நீங்களும் புலம்பியிருக்கலாம். ஆனால் அந்த 'டிரா'வைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.

கார்ல்சன் ஒரு சுமாரான நகர்த்தல் செய்தால் என்ன நஷ்டம்? ஆட்டம் டிரா. இன்னொரு தடவை சறுக்கினால்? அதுவும் பெரும்பாலும் டிராதான். ஆனந்த் ஒரே ஒரு தடவை சறுக்கினால் தோல்வி. ஒருவர் ஐம்பது தடவை சரியாக இருக்க வேண்டும். மற்றவருக்கு ஐம்பதில் ஒரு தடவை வழி திறந்தால் போதும். கம்ப்யூட்டர் இரண்டு பேருக்கும் சைபர் போட்டு 'சமம்' என்கிறது. அதற்குக் களைப்பு கிடையாது, முந்தின நாள் தோற்ற ஞாபகமும் கிடையாது.

நான் காமர்ஸ் படித்தவன். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தால் கம்பெனிக்குக் கடனே இல்லை என்றா அர்த்தம்?

இந்த அதிகப்படி என்பது எப்போதும் சிப்பாயாக இருப்பதில்லை. சில சமயம் ராஜா ஒரு கட்டம் முன்னால் இருப்பார். சில சமயம் ஒருவருடைய யானை தன் சிப்பாயைப் பின்னாலிருந்து தள்ளும். அடுத்தவருடையது அதன் முன்னால் வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்திருக்கும். காவல் உத்தியோகத்தில் இருக்கிற யானைக்கு வேறு ஜோலியே பார்க்க முடியாது. எண்ணிப் பார்த்தால் காய்கள் சமம்.

கார்ல்சன் செய்தது அநியாயமா? 'கை குலுக்கி டிரா பண்ணிக்கொண்டு போகாமல் மனுஷனை இப்படியா வதைப்பது?' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த லேசான முன்னிலையை அவர் அதே போர்டில், அதே நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷும் இதைத்தான் செய்தார். கடைசி ஆட்டம். ஆளுக்கொரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். டிராதான் என்று கிட்டத்தட்ட எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. 55-வது நகர்த்தலில் டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். நாம் பட்டாசு வெடித்தோம்.

எனக்கு உறுத்துவது வேறு. போர்டுக்கு வெளியே அந்த ஒரு சிப்பாயைத் தாத்தா வாங்கி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

என்னுடன் பி.காம். படித்த இரண்டு பேர். ஒரே பெஞ்ச், ஏறக்குறைய ஒரே மார்க். இருவருமே காஸ்டிங் பேப்பரில் ஃபெயில். ஒருவனுடைய அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. இன்னொருவனுடைய அப்பா அந்த வருஷம்தான் படுக்கையில் விழுந்தார். அவன் ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுதப் போனான். இன்னமும் ஏதோ ஒரு ஷெட்டில்தான் எழுதுகிறான்.

கடைக்காரரை சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். இப்போது மூன்று கடை. பேச்சு பழைய சிநேகிதன் பக்கம் போனது. "ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே வாத்தியார். அவன்தாம்ப்பா கோட்டை விட்டுட்டான்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்.

"காஸ்டிங் நீ எத்தனாவது அட்டெம்ப்ட்ல பாஸ் பண்ணினே?" என்று கேட்டேன்.

"நாலாவதுல" என்றார், ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே.

"அவன் எத்தனை தடவை எழுதினான்?"

"ஒரு தடவைதான். அப்புறம் எழுத வரவே இல்லையே."